அக்கியாபுக்கு எந்த வழி?

ரங்கூனின் கிழக்குப் பக்கம் பசுண்டவுங் கழியைத் தாண்டினால் தாகேதா. நகர மையத்தில் குடிசை போட்டிருந்தவர்களையும், உள்நாட்டுப் போருக்குப் பயந்து ஓடிவந்தவர்களையும் 1959-இல் நே வின்னின் காபந்து அரசு கொண்டுபோய்க் குடியேற்றிய மூன்று புதுநகரங்களில் அது ஒன்று. மற்ற இரண்டும் வடக்கு ஓக்கலாப்பா, தெற்கு ஓக்கலாப்பா. ஒரு பக்கம் கழி, மறுபக்கம் பெகு ஆறு. நகரத்தை ஒட்டியே இருந்தும் நகரத்துக்கு வெளியே நின்ற இடம். 1993-இல் பெகு ஆற்றின்மேல் ரயிலும் வண்டிகளும் போகும் தன்லின் பாலம் வந்தது. ஆற்றுக்கு அப்பாலுள்ள பீலிக்கான் அங்காளபரமேசுவரி கோயிலுக்குப் போகும் ரங்கூன் தமிழர்களுக்குப் படகுத்துறை தேவையற்றுப் போனது அதன் பிறகுதான். 2018-இல் ஜப்பான் உதவியோடு கழியின்மேல் நாலு தடப் புதுப்பாலம் திறந்தார்கள். இன்று தாகேதாவை ஒதுக்குப்புறம் என்று யாரும் சொல்வதில்லை.

இதே நகரத்திலிருந்து வடமேற்கே திரும்பினால் கதை வேறு. ரங்கூனிலிருந்து நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டரில் சித்வே இருக்கிறது. நம் தாத்தாக்கள் அக்கியாப் என்று சொன்ன ஊர், முன்பு அரக்கான் எனப்பட்ட ராக்கைன் மாநிலத்தின் தலைநகர். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாலையில், எல்லாம் சரியாக இருந்த காலத்திலேயே, ஒரு பகலும் ஒரு இரவும். அதே சித்வேயிலிருந்து வங்கதேசத்தின் சிட்டகாங் 270 கிலோமீட்டர்தான். கொல்கத்தா கடல்வழியாக 539 கிலோமீட்டர். இந்த நான்கு ஊர்களையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், சித்வேயை ரங்கூனோடு கட்டிவைத்தது புவியியல் இல்லை என்பது தெரிந்துவிடும்.

ராக்கைன் கரைக்கும் ஐராவதிச் சமவெளிக்கும் நடுவே அரக்கான் யோமா மலைத்தொடர் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. சின் மாநிலத்துக்குள் அதன் உச்சி 3,053 மீட்டர் வரை எழும்புகிறது. தெற்கே போகப்போகத் தாழ்ந்து டெல்டாவின் ஓரத்தில் கரைகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சுவரில் மோதிக் கடற்கரையிலேயே தன்னைக் கொட்டிவிடுகிறது. சித்வேயில் ஆண்டு மழை 4,500 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஜூலையில் மட்டும் 1,000-ஐத் தாண்டும். சென்னைக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது 1,400 சொச்சம். மழைக்கு முன்னும் பின்னும் புயல். 2010 அக்டோபரில் கிரி, 2023 மே 14-இல் மோக்கா. இப்படிப்பட்ட இடத்தில் மண் வெட்டிப் போட்ட எந்தச் சாலையும் மறு ஆண்டு அதே சாலையாக இருப்பதில்லை.

மலைக்கு மேற்கே தரை என்று சொல்லத்தக்கது குறைவு. மாயு, கலாடன், லெம்ரோ ஆகிய ஆறுகள் சீப்பின் பற்களைப்போலப் பக்கம் பக்கமாகத் தெற்கே இறங்குகின்றன. கடலை நெருங்கும்போது ஒவ்வொன்றும் நூறு கழிகளாகப் பிரிந்து, சதுப்புக் காட்டுக்கும் நெல்வயலுக்கும் நடுவே பின்னிக்கொள்கிறது. அதற்கும் தெற்கே ராம்ரீ, செதூபா தீவுகள். ஒரு கிராமத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் அடுத்த கிராமத்துக்குத் தரைவழியாகப் போக ஒரு நாள் ஆகலாம். ஏற்றம் பார்த்துப் படகை விட்டால் கஞ்சி ஆறுவதற்குள் போய்விடலாம். வற்றத்தில் புறப்பட்டவன் சேற்றில் உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே நேரத்தைச் சொல்வது நிலவு.

ஆகவே இந்தக் கரைக்குப் போக்குவரத்து இல்லை என்பது தவறு. அதன் போக்குவரத்து தண்ணீரில் இருந்தது, அது வங்காளத்தைப் பார்த்திருந்தது. 1430-இல் எழுந்த மிராவ்க்-ஊ அரசு லெம்ரோவுக்கும் கலாடனுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு கடலை ஆண்டது. 1666-இல் முகலாயர்கள் பிடுங்கும்வரை சிட்டகாங்கே அதன் கையில் இருந்தது. அரசவையில் வங்கக் கவிஞர் ஆலாவுல் எழுதிக்கொண்டிருந்தார். துறையில் டச்சுக்காரர்கள் அரிசி வாங்கினார்கள், அடிமைகளையும் வாங்கினார்கள். அந்த அரசுக்கு மலைக்கு அப்பாலிருந்த பர்மா முதுகுப்புறம். ‘மலைகளால் தனித்துவிடப்பட்ட அரக்கான்’ என்று பிற்காலப் புத்தகங்கள் எழுதும்போது, எழுதுகிறவர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

மலையும் கடக்க முடியாத மலை இல்லை. 1784-85இல் பர்மிய மன்னர் போதவ்பயாவின் படை அரக்கானை வென்றது. மகாமுனி புத்தர் சிலையைத் துண்டுகளாகப் பிரித்துத் தாவ்ங்குப் கணவாய் வழியாக இழுத்துக்கொண்டு அமரபுரா வரை போனது. இன்று மாந்தலேயில் மக்கள் தங்கத் தகடு ஒட்டி ஒட்டி உருவமே தடித்துப்போன வெண்கலச் சிலை அதுதான். அத்தனை பெரிய பாரம் ஏறிய கணவாயை வழியற்றது என்று சொல்ல முடியாது.

நாற்பது ஆண்டு கழித்து ஆங்கிலேயர் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துப் படித்தார்கள். முதல் ஆங்கில-பர்மியப் போரில் 1825-இல் ஜெனரல் மாரிசனின் பெரும்படை அரக்கானைப் பிடித்தது. மலையைத் தாண்டி ஆவா நகரத்தைத் தாக்கவேண்டும் என்பது திட்டம். தலாக் கணவாயில் ஏறிப் பார்த்த பிரிவு முடியாமல் திரும்பியது. வழி கிடைக்கவில்லை, மழை வந்தது, மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வந்தன. எதிரியின் குண்டைவிடக் காய்ச்சலில் செத்தவர்களே அதிகம். மிஞ்சிய படையைக் கப்பலேற்றிக் கலைத்துவிட்டார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கை முடிந்ததும், சமவெளிப் பக்கமிருந்த படையின் யானைகளைச் சென்னைக் காலாட்படைச் சிப்பாய்களோடு சேர்த்து ஆன் கணவாய் வழியாக அரக்கானுக்கு நடத்திப் பார்த்தார்கள். யானைகள் சில நாட்களில் மறுபக்கம் இறங்கிவிட்டன. பர்மிய வியாபாரிகள் காலங்காலமாகப் பயன்படுத்திய தடம் அது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அந்தத் தடத்தை நடந்து காட்டியவர்கள் நம் ஊர்ச் சிப்பாய்கள் என்பது போர் வரலாறுகளில் ஒரு வரிக்குமேல் வருவதில்லை.

அந்த உடன்படிக்கையில் அரக்கானைப் பெற்ற கம்பெனி ஆட்சி மலையை மறந்துவிட்டுக் கடலைப் பிடித்துக்கொண்டது. தலைநகரை மிராவ்க்-ஊவிலிருந்து கலாடன் முகத்துவாரத்து மீன்பிடிக் குப்பமான அக்கியாபுக்கு மாற்றினார்கள். சில பத்தாண்டுகளில் அது அரிசி ஏற்றுமதித் துறைமுகம். கல்கத்தா, சிட்டகாங், அக்கியாப், ரங்கூன் என்று பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் ஓடின. அறுவடைக் காலத்தில் சிட்டகாங் பக்கத்துக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வந்து போனார்கள். ரங்கூனிலிருந்து புரோமுக்கு 161 மைல் ரயில்பாதை 1877-இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து மலையைத் தாண்டி அரக்கானுக்கு ஒரு தண்டவாளம்கூடப் போடவில்லை. கப்பல் இருக்கும்போது ரயில் எதற்கு என்பது கணக்கு. வணிகக் கணக்காக அது சரி. ஆனால் கப்பல் நிற்கிற நாளில் என்ன செய்வது என்பதை அந்தக் கணக்கு பார்க்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் வேடிக்கையானது. மாயு மலைத்தொடரின் கிழக்கே பூத்திடாவ்ங், மேற்கே மாவ்ங்டா; இடையே 26 கிலோமீட்டர். முதல் உலகப்போர்க் காலத்தில் ஒரு தனியார் படகுக் கம்பெனி இரண்டு சுரங்கங்கள் குடைந்து ஒரு குட்டி ரயிலை ஓட்டியது. சுமை போதவில்லை, சில ஆண்டுகள் ஓடி நின்றது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அதையே சாலையாக்கினார்கள். 1943-44இல் ஜப்பானியரும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் மாதக்கணக்கில் ரத்தம் சிந்தியது அந்த இரண்டு சுரங்கங்களுக்காகத்தான். அந்தப் பகுதியில் மழைக்காலத்திலும் சக்கரம் உருளக்கூடிய சாலை வேறு இல்லை. யாருக்கும் வேண்டாமென்று கைவிட்ட ரயில்பாதைக்கு எத்தனை கிராக்கி!

கப்பல் நின்ற நாள் 1941 டிசம்பர் 23-க்குப் பிறகு வந்தது. அந்த 23-இல் ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. நகரத்தின் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். துறைமுகக் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் தெலுங்கர், தமிழர். கப்பலில் இடம் பணக்காரர்களுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் போனது. மற்றவர்கள் கால்நடையாகப் புறப்பட்டார்கள். தமிழர் நினைவில் தங்கியிருப்பது பெரும்பாலும் தாமு வழியாக மணிப்பூர் போன பாதை. வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ போன்ற எழுத்தும், குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதைகளும் அந்தப் பெயர்வை உயிரோடு வைத்திருக்கின்றன. முதலில் கூட்டம் ஓடியது மேற்கே என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. புரோம் வரை ரயிலிலோ நடந்தோ போய், ஐராவதியைத் தாண்டி, தாவ்ங்குப் கணவாயில் ஏறி மாட்டுவண்டித் தடத்தில் சுமார் 175 கிலோமீட்டர். பிறகு தாவ்ங்குப்பில் நாட்டுப்படகு பிடித்து அக்கியாப், அங்கிருந்து சிட்டகாங்.

இந்த வழியில் நடந்தது கவனிக்கத்தக்கது. கூலிகள் போய்விட்டால் துறைமுகம் முடங்கும் என்று பயந்த காலனி அரசு, புரோமில் ஆற்றைக் கடக்கவிடாமல் மக்களைத் தடுத்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆயிரமாயிரமாகத் தேங்கினார்கள். குடிநீர் கெட்டது, காலரா வந்தது. தடையை விலக்கிய பிறகு மலையில் தண்ணீர் இல்லை. கணவாயில் வழிநெடுக மூட்டைகள் கிடந்தன. மூட்டைகளோடு மனிதர்களும் கிடந்தார்கள். அரக்கான் வழியாக மட்டும் லட்சத்துக்கு மேற்பட்டோர் தப்பினார்கள் என்பது மதிப்பீடு. மே மாதத் தொடக்கத்தில் அக்கியாப் ஜப்பானியர் வசம் போனதும் அந்த வழியும் மூடியது. இந்த மரணங்களுக்கு மலையைக் குற்றம் சொல்வது எளிது. ஆற்றங்கரையில் தடுத்து நிறுத்திய உத்தரவு மலை போட்ட உத்தரவு இல்லையே.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கரை பின்னுக்குப் போனது. கிழக்குப் பாகிஸ்தான் எல்லை அந்நிய எல்லை ஆனதும் சிட்டகாங் போக்குவரத்து சுருங்கியது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த 1962-க்குப் பிந்தைய தேசியமயம் தனியார் கப்பலையும் அரிசி ஏற்றுமதியையும் முடக்கியது. பழைய கடல்வழி செத்தது, புதிய தரைவழி பிறக்கவில்லை. மின்பூவிலிருந்து ஆன் வழியாகச் சித்வே போகும் சாலை 1990-களில்தான் உருப்படியானது. புரோமில் ஐராவதிக்கு மேல் நவதே பாலம் 1997-இல் வந்தது. அகதிகள் தேங்கிய அதே ஆறு. 2009-இல் சித்வேயிலிருந்து ஒரு ரயில் விட்டார்கள். அது நாட்டின் மற்ற எந்த ரயில்பாதையோடும் சேரவில்லை. சித்வேயில் புறப்பட்டுப் பக்கத்து ஊர்களோடு முடிந்துவிடும். மக்கள் நம்பியது படகைத்தான். படகோ கூட்டமும் சரக்குமாக அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு போகும். 2015 மார்ச்சில் சாவ்க்பியூவிலிருந்து சித்வேக்குப் போன பயணப்படகு மியேபோன் அருகே கவிழ்ந்து 50-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

சாவ்க்பியூ என்றதும் இன்னொரு வழி நினைவுக்கு வருகிறது. ராம்ரீ தீவின் அந்த ஊரிலிருந்து சீன எல்லை வரை 793 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2013-இல் ஓடத் தொடங்கியது. அதை ஒட்டிய 771 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் 2017-இல். பெரும் எண்ணெய்க் கப்பல்கள் மாடே தீவில் வந்து நின்று இறக்குகின்றன. ஆயிரம் ஆண்டாக வழி மறிப்பதாகச் சொல்லப்பட்ட அதே அரக்கான் யோமாவை இரண்டு குழாய்களும் தாண்டிப் போகின்றன. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராக்கைன் வீடுகளில் மின்விளக்கு எரிந்தது சுமார் 13 சதவீதத்தில். நாடு முழுவதுக்கும் அது 32. வாயு கரையேறும் மாநிலமே இருட்டில் கிடந்தது. அந்தத் திட்டத்தோடு பேசப்பட்ட சாவ்க்பியூ–குன்மிங் ரயில்பாதை ஒப்பந்தம் 2014-இல் காலாவதியாகிவிட்டது. குழாய்க்குப் பயணச்சீட்டு வேண்டாம், வழியில் இறங்கி ஏறும் ஆளும் கிடையாது.

இந்தியாவின் கலாடன் பல்வழிப் போக்குவரத்துத் திட்டமும் இதே வகைதான், நோக்கம் மட்டும் வேறு. 2008 ஏப்ரலில் ஒப்பந்தம். கொல்கத்தாவிலிருந்து சித்வே கடல்வழி. சித்வேயிலிருந்து பலேத்வா வரை கலாடன் ஆற்றில் 158 கிலோமீட்டர். அங்கிருந்து மிசோரம் எல்லையில் சோரின்புயி வரை சுமார் 110 கிலோமீட்டர் சாலை. சிலிகுரி இடுக்கு வழியாகச் சுற்றாமல் வடகிழக்கு மாநிலங்களுக்குச் சரக்கு சேர்ப்பது இலக்கு. 2023 மே 9-இல் முதல் சரக்குக் கப்பல் ஆயிரம் டன் சிமெண்டோடு சித்வே துறைமுகத்தில் நின்றது. ஐந்தே நாளில் மோக்கா புயல் அதே ஊரைப் புரட்டிப் போட்டது. இந்தத் திட்டத்தை நான் பழிக்கவில்லை. ராக்கைன் கரையின் இயல்பான திசையை இத்தனை காலத்தில் சரியாகப் படித்த ஒரே பெரிய திட்டம் இது. கடலும் ஆறும் முதலில், சாலை கடைசியில் என்ற வரிசை அந்த மண்ணுக்குப் பொருந்துகிறது. ஆனால் கரைக்காரர்களுக்கு இதில் கிடைப்பது வழியில் நிற்கும் துறைகளும் சுமை இறக்கும் வேலையும்தான்.

வழி இருப்பதும் போக முடிவதும் ஒன்றில்லை என்பதை ராக்கைனில் முஸ்லிம்களான ரோஹிங்யா மக்களைவிட அறிந்தவர்கள் இல்லை. 2012 கலவரத்துக்குப் பிறகு சித்வேயின் ஓரத்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்களுக்கு, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த பொது மருத்துவமனைக்குப் போக அனுமதிச் சீட்டும் காவல் துணையும் வேண்டியிருந்தது. பக்கத்து வட்டத்துக்குப் போகவும் தாள் வேண்டும். நல்ல தார்ச்சாலைதான், சோதனைச்சாவடி வரை. 2017-இல் ராணுவத்துக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் எல்லையிலுள்ள நாஃப் ஆற்றைக் கடந்து வங்கதேசம் போனார்கள். 2019 ஜூனில் ராக்கைன், சின் மாநில வட்டங்கள் ஒன்பதில் இணையத்தையும் அரசு அணைத்தது.

2023 நவம்பர் 13-இல் ராக்கைன் இன ஆயுதக்குழுவான அரக்கான் படை ராணுவத்தோடு மீண்டும் போரைத் தொடங்கியது. 2024 ஜனவரியில் பலேத்வா, டிசம்பரில் மாவ்ங்டா, ஆன், கடைசியில் தெற்கு முனையின் குவா என்று ஒவ்வொன்றாக அதன் கைக்குப் போயின. ஆண்டு முடிவில் ராக்கைனின் 17 வட்டங்களில் 14 அதன் கையில். சித்வே, சாவ்க்பியூ, மனாவ்ங் மூன்றும்தான் ராணுவத்திடம். ராணுவம் சமவெளியிலிருந்து வரும் எல்லாச் சாலைகளையும் அடைத்தது. சித்வேக்கு வரும் வழியில் பாலத்தைத் தானே தகர்த்தது. அரிசி, மருந்து, உரம், டீசல் எதுவும் மலையேறவில்லை. ராக்கைனுக்கு வேண்டிய உணவில் 20 சதவீதம்தான் 2025 மார்ச்-ஏப்ரலில் உள்ளூர் விளைச்சலிலிருந்து கிடைக்கும் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2024 நவம்பரில் எச்சரித்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் உலகத்துக்கு அரிசி ஏற்றிய கரை அது.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. 2006 ஆகஸ்டில் இலங்கைப் போரின் நடுவே ஏ-9 சாலை மூடியபோது, தீபகற்பத்துக்கு எல்லாமே திருகோணமலையிலிருந்து கப்பலிலும் கொழும்பிலிருந்து விமானத்திலும்தான். கப்பலில் இடம் பிடிக்கவும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அரிசி விலையைத் தீர்மானித்தது தூரம் இல்லை, முகமாலைச் சாவடி. பூநகரியை யாழ்ப்பாணத்தோடு சேர்க்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்தபோது பூநகரிக்காரர்களுக்கு மிச்சமான மணிநேரங்களைவிட, சாலை திறந்தே இருக்கிறது என்ற நம்பிக்கைதான் பெரிது.

ரங்கூனில் இதன் சாயல் சாப்பாட்டுக் கடை வரை வருகிறது. ராக்கைன் மொண்டி, மிளகும் பச்சைமிளகாயும் தூக்கலாகப் போட்ட மீன்ரச நூடுல்ஸ், நகரத்தின் எல்லாப் பேட்டைகளிலும் விற்கும் காலை உணவு. அந்தக் கரையின் கருவாடும் காய்ந்த இறாலும் ங்காப்பி என்ற மீன்விழுதும் லாரியில் மலையேறி வந்த சரக்கு. தாகேதாவில் கடை போட்டவர் பாலத்தை நம்பிச் சந்தைக்குப் போய்வருகிறார். ராக்கைன் மீனவருக்கு அதே சந்தை மூன்று சாவடிகளுக்கு அப்பால்.

இப்போது கரை மறுபடி வங்காளத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. நாஃப் ஆற்றின் பர்மியக் கரை முழுக்க அரக்கான் படையிடம். மிசோரத்தின் லாங்த்லாய் பக்கமிருந்து அரிசியும் மருந்தும் எண்ணெயும் பலேத்வாவுக்கு இறங்குகின்றன. அந்தப் பக்கத்து உள்ளூர் அமைப்புகள் அவ்வழியை மறித்ததும் உண்டு. கலாடன் திட்டம் நடுவில் நிற்கிறது. இந்தியா கட்டிய சித்வே துறைமுகத்தைச் சுற்றி இருப்பது ராணுவம். துறைமுகத்திலிருந்து பலேத்வா வரை ஆற்றின் இரு கரையிலும், பலேத்வாவிலிருந்து சோரின்புயி வரை சாலை போகவேண்டிய மலையிலும் இருப்பது அரக்கான் படை. கொல்கத்தாவில் ஏற்றும் ஒரு மூட்டை மிசோரம் போய்ச் சேர, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பேரும் ஒரே சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போடவேண்டும்.